ஊருணியை ஆழப்படுத்தும் முன் அடிமண்ணைப் பாருங்கள்

செட்டிநாட்டு ஊர்களில் ஊருணி, கண்மாய் வேலைகளுக்கு மதிப்பீடு போடும் பொறியாளர்களுக்கும், ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும், தீர்மானம் நிறைவேற்றும் ஊராட்சி மன்றத்தாருக்கும்,

இந்தக் கோடையில் ஆழப்படுத்தப் போகும் ஊருணிகளின் பட்டியலைப் பார்த்தேன். எங்கள் சுற்றுவட்டாரத்து ஊர்கள் பலவும் அதில் இருக்கின்றன. எல்லா ஊருணிக்கும் ஒரே ஆழம் எழுதியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் நாலு பக்கமும் கான்கிரீட் சுவர். எத்தனை கன மீட்டர் மண் வெட்டுவது, எவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கொட்டுவது, ஜேசிபிக்கு மணிக்கு என்ன வாடகை என்பதெல்லாம் மதிப்பீட்டில் தெளிவாக உள்ளது. வெட்டப் போவது என்ன மண் என்று மட்டும் ஒரு வரி இல்லை. களி எத்தனையாவது அடியில் முடிகிறது, அதற்குக் கீழே இருப்பது மணலா, செம்புறை என்னும் துளை விழுந்த சிவப்புக் கல்லா, பாறையா என்று யாரும் ஒரு குழி போட்டுப் பார்த்ததாகவும் தெரியவில்லை. நேரில் போய்க் கேட்டேன். "தூர் வாருற வேலைக்கு மண் பரிசோதனை எதுக்கும்மா?" என்றார்கள்.

எதற்கு என்று சொல்லத்தான் இந்த மடல். அந்தப் பட்டியல் அப்படியே நிறைவேறினால் அதில் உள்ள ஊருணிகளில் சிலவாவது இனித் தண்ணீர் நிற்காத பள்ளங்களாகிவிடும். எங்கள் ஊரில் அது ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது.

நான் நிலவியல் படித்தவள். நிலத்தடி நீர் பார்க்கும் வேலையில் வெளி மாவட்டங்களில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். காரைக்குடிக்குக் கிழக்கே சின்ன ஊர் எங்களுடையது. அங்குள்ள ஊருணி நாலு பக்கமும் செம்புறாங்கல் கட்டு, தெற்கே படித்துறை, வடமேற்கு மூலையில் தண்ணீர் உள்ளே வரும் வரத்துக்கால் என்று இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பினால் ஆனி வரைக்கும் தண்ணீர் கிடக்கும். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும், பருப்பு வேக ஊருணித் தண்ணீர்தான் வேண்டும் என்று குடத்தோடு போகிற ஆச்சிகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் கூடிய கடினத் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகாது. ஊருணியில் நிற்பது மழைத் தண்ணீர், அதில் அந்த உப்புகள் குறைவு.

இரண்டு கோடைக்கு முன்னால் அந்த ஊருணியை ஆழப்படுத்தினார்கள். வேலை நடக்கும்போது கரையில் நின்று பார்த்தவள் நான். முதலில் வந்தது சாம்பல் நிற வண்டல், இரண்டு அடி கனம் இருக்கும். இலை, தழை, பிளாஸ்டிக் எல்லாம் கலந்த அந்த மண்ணை அள்ள வேண்டியதுதான், யாரும் மறுக்கவில்லை. அதற்குக் கீழே நீலம் பாய்ந்த கறுப்புக் களி வந்தது. ஜேசிபி வாளியின் பல் பட்ட இடமெல்லாம் வழவழவென்று மின்னியது. ஒரு கை எடுத்து உருட்டினேன், சணல் கயிறு கனத்துக்கு ஒடியாமல் திரியாக வந்தது. இதோடு நிறுத்துங்கள் என்றேன். மதிப்பீட்டில் எழுதிய அளவு இன்னும் வரவில்லை, அளவு வராவிட்டால் பில் போட முடியாது என்றார்கள். மறுநாள் களியும் போனது. களிக்கு அடியில் மஞ்சள் மணல், இடையிடையே சுண்ணாம்பைத் தடவியது போல் வெள்ளைத் திட்டுகள். அந்த மணலிலும் இரண்டு மூன்று அடி தோண்டிய பிறகுதான் எழுதிய அளவு வந்தது.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் மூன்றாம் படி வரை ஏறியது, ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மழை விட்ட பிறகு ஊருணியின் நடுவில் அங்கங்கே குமிழ் கிளம்பிக்கொண்டே இருந்தது. காற்று மேலே வருகிறது என்றால் தண்ணீர் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். பொங்கலுக்கு முன்பே அடி தெரிந்துவிட்டது. மாசியில் பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். போன மழைக்கும் அதே கதைதான். பானை பெரிதாகட்டும் என்று அதன் அடியைத் தட்டி எடுத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது எங்கள் ஊருணி.

இதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த பதில்: "தண்ணி வீணாப் போகல, நிலத்தடி நீராத்தானே போயிருக்கு." சில இடங்களில் இது சரியான பதில்தான். நிலத்தடி நீரைச் செறிவூட்டவென்றே வெட்டும் குட்டைக்கு அடியில் மணல் இருந்தால் நல்லதுதான். ஆனால் ஊருணி என்பது ஊர் குடிக்கத் தண்ணீரை மேலேயே நிறுத்தி வைக்கிற ஏற்பாடு. மணலில் இறங்கிய தண்ணீர் எங்கள் ஊருக்குக் கீழேயே காத்திருப்பதில்லை, நிலம் சரியும் பக்கம் நகர்ந்துவிடும். எஞ்சியதை எடுக்க மோட்டாரும் மின்சாரமும் வேண்டும், எடுத்தாலும் அது கீழே உள்ள உப்போடு கலந்துதான் வரும். படியில் இறங்கிக் குடத்தில் மொண்ட தண்ணீரும் இதுவும் ஒன்றில்லை.

கணக்காகவே பார்ப்போம். ஒரு ஏக்கர் ஊருணியில் ஒரு அடித் தண்ணீர் என்பது 12 லட்சம் லிட்டருக்கு மேல். மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீரை உள்ளே விடக்கூடியது. பல தலைமுறையாக ஆடு மாடும் மனிதரும் மிதித்துப் படிந்த களியில் ஒரு நாள் முழுக்க இறங்குவதே ஓரிரு மில்லிமீட்டர்தான். வெயிலில் ஆவியாகிப் போவது அதைவிட அதிகம். ஒன்றரை அடிக் களி போனால் எத்தனை லட்சம் லிட்டர் போகும் என்பதை மதிப்பீடு போடும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆழம், ஒரே சுவர் என்று எழுதும்போது செட்டிநாடு முழுக்க ஒரே நிலம் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை.

மேற்கே திருப்பத்தூர், சிங்கம்புணரி, நெற்குப்பைப் பக்கம் கடும்பாறை நாடு. பிள்ளையார்பட்டியிலும் குன்றக்குடியிலும் குடைந்து கோயில் எடுத்தது அந்தப் பாறையில்தான். வடக்கே திருமயம் கோட்டையைத் தாங்கி நிற்பதும் அதே மாதிரிப் பாறைதான். 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகள் இவை. இங்கே தண்ணீர் பாறைக்குள் இல்லை. பாறை மக்கிப் பொடிந்த மேல் பகுதியிலும், கீழே ஓடும் வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் போர் போட்டுத் தண்ணீர் கொட்டும், அடுத்த வீட்டில் புகைதான் வரும். அது தலையெழுத்து இல்லை, வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் விஷயம்.

அங்கிருந்து கிழக்கே வர வர பாறை கீழே இறங்கி மறைந்துவிடுகிறது. அதற்கு மேல் மணற்கல்லும் களியும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. சிவகங்கை வட்டாரத்தில் டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் படிவுகளே வெளியில் தெரிகின்றன. அவற்றுக்குப் பிந்தைய கடலூர் மணற்கல் புதுச்சேரி, நெய்வேலிப் பக்கத்திலிருந்து தெற்கே நம் பகுதி வரை நீள்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்ட வேண்டுமானால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த மணல் படிவுகள் அவ்வளவு தண்ணீரைத் தாங்கக்கூடியவை. காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீரும் மண்ணடுக்கு தந்த கொடைதான்.

காரைக்குடி, கண்டனூர், புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கம் இந்தப் படிவுகளுக்கு மேல் தொப்பி போட்டாற்போல் கிடப்பது செம்புறை. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, மண்ணில் இருந்த சிலிக்கா என்ற மணற்சத்து கரைந்து வெளியேறி, இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகியதுதான் இந்தச் சிவப்புக் கல். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலபாரில் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்துவிட்டு 1807-ல் எழுதினார். லேட்டரைட் என்று உலகம் முழுக்க இதை அழைப்பது அதற்குப் பிறகுதான். ஈரமாக இருக்கும்போது கோடாலியால் வெட்டி எடுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றுப் பட வைத்தால் இரும்பாக இறுகும். உடம்பெல்லாம் துளை. மழை பெய்தால் பொட்டலில் தண்ணீர் நிற்காமல் உள்ளே போய்விடும். போய், கீழே ஒரு களித்தட்டில் இடித்து நின்று, பக்கவாட்டில் மெல்லக் கசியும்.

ஊருணிக்குச் செம்புறாங்கல்லால் கரை கட்டியவர்கள் அது அக்கம்பக்கத்தில் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் கட்டவில்லை. அந்தக் கல்லின் துளை வழியாகவும், சாந்து பூசாத இடுக்கு வழியாகவும் சுற்றியுள்ள மண்ணில் ஊறிய மழைத் தண்ணீர் கசிந்து உள்ளே வரும். பங்குனி, சித்திரையில் ஊருணிக்குக் கிடைக்கும் வரத்து அதுதான். எங்கள் ஊரில் கான்கிரீட் சுவர் எழும்பியதும் முதலில் நின்றுபோனது அந்தக் கசிவு. இப்போது மழை பெய்தால் சுவருக்கு வெளியே சேறாகிறது, உள்ளே காய்கிறது.

இன்னும் கிழக்கே, தெற்கே, தேவகோட்டையைத் தாண்டித் தொண்டிப் பக்கம் போனால் நிலம் வேறு. கனத்த களி, ஆங்காங்கே உவர். அங்கே பல ஊர்களில் மேலே ஒரு மெல்லிய நல்ல தண்ணீர், அடியில் உப்புத் தண்ணீர். நாலு அடி கூடுதலாகத் தோண்டினால் உப்பு மேலேறிவிடும். அந்த ஊர்க்காரர்கள் ஊருணியை ஆழமாக வெட்டாமல் அகலமாக வைத்திருப்பது சோம்பலால் இல்லை.

ஆக, மேற்கே பாறை தட்டும், நடுவில் மணல் குடிக்கும், கிழக்கே உப்பு ஏறும். மூன்று இடத்துக்கும் ஒரே எண்ணை எழுதியிருக்கிறீர்கள்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. 2022-ல் தொடங்கிய அம்ரித் சரோவர் திட்டம் ஒரு குளத்துக்கு ஒரு ஏக்கர் பரப்பு, 10,000 கன மீட்டர் கொள்ளளவு என்று வரையறை வைத்தது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக எட்டு அடி ஆழம். நாடு முழுமைக்கும் ஒரு திட்டம் போடும்போது ஏதாவது ஓர் அளவு சொல்லியாக வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொள்ளளவைக் கேட்கும் ஒவ்வொரு திட்டத்திலும் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய பொறுப்பு களத்தில் நிற்கும் உங்களுடையது. 10,000 கன மீட்டர் பள்ளம் வேறு, 10,000 கன மீட்டர் தண்ணீர் வேறு.

வண்டல் மண் விஷயமும் இப்படித்தான். கண்மாய், குளங்களிலிருந்து வண்டலையும் களிமண்ணையும் உழவர்களும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் அரசு எளிதாக்கியது. நல்ல ஏற்பாடு. வயலுக்கு வண்டல் போனால் வயலும் பிழைக்கும், கண்மாயும் பிழைக்கும். ஆனால் மேலே படிந்த வண்டல் எது, அடியைக் காக்கும் களி எது என்று காட்டிக் கொடுக்க அங்கே ஒருவர் நிற்க வேண்டும். அனுமதிச் சீட்டில் சர்வே எண்ணும் கன மீட்டரும் மட்டும் இருந்தால், வண்டிக்காரர் எதை எடுப்பார்? எது வாளிக்கு வசதியோ அதை எடுப்பார்.

எங்கள் ஊரில் கிணறு வெட்டிப் பிழைத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. ஊருணி வற்றிய அன்று கரையில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னார்: "களி தெரிஞ்சிட்டா மம்பட்டியக் கீழ வச்சிருவோம்த்தா. அதுக்குக் கீழ கை வைக்க ஊர்ல விடமாட்டாக." நான் கல்லூரியில் வருஷக்கணக்கில் படித்ததை அவர் இரண்டு வாக்கியத்தில் வைத்திருந்தார். மண்வெட்டியால் வெட்டிய காலத்தில் மண் மாறுவது கைக்குத் தெரிந்தது. ஜேசிபியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே யாராவது பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணையும் பாறையையும் பார்ப்பது படித்தவர்கள் பொழுதுபோக்கு என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று வகையை மனப்பாடம் பண்ணி, பரீட்சை எழுதியதும் மறந்துவிடுகிறோம். நான் தர்மபுரிப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்திருக்கிறேன். சில ஊர்களில் நடுத்தர வயதுக்காரர்களே குனிந்து நிமிர முடியாமல் இருந்தார்கள். காரணம் அவர்கள் குடித்த கிணற்றுத் தண்ணீர். அந்த வட்டாரத்துப் பாறைகளில் புளோரின் உள்ள கனிமங்கள் இருக்கின்றன, தண்ணீர் பாறையில் நீண்ட காலம் நிற்க நிற்க புளோரைடு கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லையும் எலும்பையும் தின்றுவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. கடைசியில் ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோய்த்தான் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. 2013-ல் அந்தத் திட்டம் வந்தபோது, கறை படிந்த பல்லோடு வளர்ந்து பெரியவர்களான ஒரு தலைமுறையே அங்கே இருந்தது. மேலே நின்ற மழைத் தண்ணீரைக் கைவிட்டுவிட்டு ஆழத்துத் தண்ணீரை மட்டுமே நம்பினால், பாறையில் என்ன இருக்கிறதோ அது நம் உடம்புக்குள் வரும். ஊருணிக்காக நான் இவ்வளவு கவலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வட்டாரத்திலேயே, 2025 மே மாதம், சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் மல்லாக்கோட்டைக் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்ப்பது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. செம்புறை நிலத்தில் கக்கூஸ் குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் தோண்டுவதும் இதே கணக்கில் வரும், அந்தக் கல்லின் துளை எதையும் வடிகட்டாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இவற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது ஊருணிக்கே வருகிறேன்.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். பர்மாத் தேக்கையும் இத்தாலிச் சலவைக்கல்லையும் ஆத்தங்குடித் தளத்தையும் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். அந்த வீடுகளை இவ்வளவு பெரிதாகக் கட்டிக் குடியிருக்க முடிந்ததற்குக் காரணம் தண்ணீர். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு எங்கள் பக்கத்தில் இல்லை. மாவட்டத்தில் ஆண்டுக்கு சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து மிச்ச மாதங்களை ஓட்ட வேண்டும். கூரைத் தண்ணீர் வளவு முற்றத்தில் விழுந்து, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருக்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி வீடும் தெருவும் அமைந்தன. மழைநீர் சேகரிப்பை 2003-ல் அரசு கட்டாயமாக்கியதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே வீடு கட்டும் முறையிலேயே அது இருந்தது. அந்த ஏற்பாட்டின் கடைசிக் கண்ணி ஊருணியின் களித்தரை. அதை உடைத்துவிட்டு முகப்புக்கு வண்ணம் அடித்து என்ன பயன்?

உங்களில் பலர் மனதார நல்லது செய்யத்தான் வேலை பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தூர் வார ஒரு ரூபாய்கூட வராத வருஷங்களையும் பார்த்திருக்கிறேன். பணம் வந்திருக்கும் இந்த நேரத்தில் அது ஊருணியைக் கெடுக்கும் வேலைக்குப் போகக்கூடாது என்பதுதான் என் தவிப்பு. மண் பார்ப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு ஊருணியில் நாலைந்து இடத்தில் ஆள் இறங்கும் குழி போட்டால் போதும். இரண்டு கூலியாட்கள், ஒரு பகல். எத்தனை அடி வண்டல், எத்தனை அடி களி, அதற்குக் கீழே என்ன என்று நாடா வைத்து அளந்து எழுதலாம். கடைசியில் குழியில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்கலாம். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் 1851-லிருந்து இந்த நாட்டின் மண்ணையும் பாறையையும் வரைந்துகொண்டிருக்கிறது. 1:50,000 அளவிலான அதன் வரைபடங்கள் 'பூகோஷ்' தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஒரு ஊர் எந்த நிலத்தில் இருக்கிறது என்று பார்க்கக் கால் மணி நேரம் ஆகாது.

சரி, நான் கேட்பது என்ன என்று நேரடியாகவே சொல்கிறேன்.

பட்டியலில் உள்ள எந்த ஊருணியிலும் அடிமண் பார்த்து எழுதாமல் ஜேசிபியை இறக்காதீர்கள். ஏற்கெனவே ஒப்பந்தம் விட்டிருந்தாலும் அந்த ஒரு வேலை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். மதிப்பீட்டுப் படிவத்திலேயே அடிமண் அடுக்குக்கு ஒரு பக்கம் சேருங்கள். ஆழம் எவ்வளவு என்பதை அந்தப் பக்கம் முடிவு செய்யட்டும். களிக்கு மேல் குறைந்தது இவ்வளவு விட்டு நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், தாண்டினால் திரும்ப அடைத்துக் கொடுப்பது ஒப்பந்ததாரர் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள்.

வெட்டிய கன மீட்டருக்கு மட்டும் பணம் என்ற முறையை மாற்றுங்கள். களி வந்ததும் நிறுத்துகிறவருக்கு நஷ்டம், உடைத்துக்கொண்டு போகிறவருக்கு முழு பில் என்று இருக்கும்வரை யாரும் நிறுத்த மாட்டார்கள். வரத்துக்காலைச் சுத்தம் செய்வதற்கும், ஆக்கிரமிப்பை எடுப்பதற்கும், படித்துறையைச் சரிசெய்வதற்கும் அதே பணத்தில் பங்கு ஒதுக்குங்கள். பல ஊருணிகள் நிரம்பாததற்குக் காரணம் ஆழம் போதாமை இல்லை, வரத்து அடைபட்டதுதான்.

செம்புறாங்கல் கரையைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட் கட்டாதீர்கள். சரிந்த இடத்தில் அதே கல்லை எடுத்து அடுக்குங்கள். கான்கிரீட் தவிர வழியே இல்லை என்கிற இடத்தில் கசிவு உள்ளே வரத் துளைகளாவது விடுங்கள்.

மதிப்பீட்டில் நிலவியல் படித்த ஒருவரின் கையெழுத்து கட்டாயம் என்று ஆக்குங்கள். மாவட்டத் தலைநகரில் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கு அலுவலகம் இருக்கிறது. குடிநீர் வடிகால் வாரியத்தில் நிலநீர் வல்லுநர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

அடிமண் அறிக்கையை மார்ச் 22 கிராம சபையில் வாசியுங்கள். உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் சபையில் பேச வேண்டியது இதைவிட வேறென்ன? கிணறு வெட்டியவர்கள், ஊருணிக் காவல் பார்த்தவர்கள், மண் தெரிந்த பெரியவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, ஏற்கெனவே களி உடைந்த ஊருணிகளைக் கணக்கெடுத்துச் சரிசெய்யுங்கள். எங்கள் ஊருணியிலிருந்து தொடங்குங்கள். பக்கத்துக் கண்மாயில் தூர் வாரும்போது மிஞ்சும் களியைக் கொண்டுவந்து, அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கினால் பழைய தரை திரும்பக் கிடைக்கும். இந்த ஐப்பசிக்குள் முடிக்கக்கூடிய வேலை. குழி போடும் நாளைச் சொல்லி அனுப்புங்கள், எந்த ஊருணியானாலும் நான் வந்து மண் பார்த்து எழுதித் தருகிறேன், அதற்குக் கூலி வேண்டாம். இந்த மடலுக்கு எழுத்து மூலமான பதிலை மே 1 கிராம சபைக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வசிக்கும் நிலவியல் பட்டதாரி